வேலாயுதத்தின் கேள்வி

அமிர்தவள்ளி கணவரின் அக்குளில் கை கொடுத்து, ஏசிக் காற்று நேராக அடிக்காத நாற்காலிக்கு அவரை மாற்றிக்கொண்டிருந்தாள். வேலாயுதத்தின் உடம்பில் எடையே இல்லை. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எத்தனையோ பேரை இப்படித் தூக்கி உட்கார வைத்திருக்கிறாள். ஆனாலும் இவர் இத்தனை லேசாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இங்க வேணாம். இன்னும் முன்னாடி போலாம்" என்றார்.

"இன்னும் முன்னாடின்னா மேடையிலதான் உக்காரணும்."

அவர் சிரித்தார். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.

வேலூரில் ஒரு ஓட்டலின் பெரிய கூடம். கட்டடப் பொறியாளர்களின் ஆண்டு மாநாடு. வேலாயுதம் ஒவ்வொரு வருஷமும் ஆம்பூரிலிருந்து தனியாக பஸ் ஏறி வந்துவிடுவார். இருதயம் தளர்ந்துபோயிற்று, இனி மருந்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும், "மாநாட்டுக்கு மட்டும் போய்ட்டு வந்துர்றேன் வள்ளி" என்று கெஞ்சினார். பெங்களூரில் இருக்கும் மகன் பிரேம்நாத் போனில் சத்தம் போட்டான். "விடுடா, நான் கூடப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

காலையிலிருந்து அவள் பார்த்தது வேறு யாரோ ஒரு மனிதரை. வீட்டில் பேப்பருக்குப் பின்னால் முகம் தெரியாமல் இருப்பவரை இங்கே அரக்கோணத்துக்காரர்களும் சோளிங்கர்க்காரர்களும் சூழ்ந்துகொண்டார்கள். டைல்ஸ் கம்பெனி மேசையில் ஒரு டைலை விரலால் தட்டிப் பார்த்து அவர் ஏதோ சொல்ல, அங்கே நின்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சார் இன்னிக்கு இன்னா கேக்கப் போறாருன்னு எங்களுக்குள்ள பந்தயமே ஓடுது மேடம்" என்றான் நாட்றம்பள்ளியிலிருந்து வந்திருந்த ஹேமந்த் என்ற எஞ்சினியர்.

"எத கேக்கப் போறாரு?"

"உங்களுக்குத் தெரியாதா? ரஷீத் அஹமது சார் பேசி முடிச்சா, மொதல் கேள்வி இவரோடதுதான். அதுக்குன்னே வர்றவங்க இருக்காங்க."

ரஷீத்தை அவளுக்குத் தெரியும். அவரும் வேலாயுதமும் ஒரே கல்லூரியில் படித்து, ஆரம்பத்தில் சேர்ந்தே தொழில் செய்தவர்கள். பிரிந்து வெகுகாலம் ஆயிற்று. "அந்த ரஷீது கட்டடமா கட்றான்? பெட்டி செய்றான்" என்று வீட்டில் உறுமுவார். இருவருக்கும் ஆகாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

மதியச் சாப்பாட்டில் அவருக்குத் தயிர்சாதம் இரண்டு வாய்தான் இறங்கியது. பிறகு கூடத்தின் விளக்குகளைக் குறைத்தார்கள். வெள்ளைத் தாடியும் சாம்பல் நிறக் கோட்டுமாக ரஷீத் மேடையேறினார். திரையில் தொழிற்சாலைகளின் படங்கள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து கரைந்தன. நீலமாக ஒரு வெளிச்சம் எல்லோர் தலைமேலும் கிடந்தது. ஏரிக்குள் மூழ்கி உட்கார்ந்துகொண்டு, கரையில் யாரோ பேசுவதைக் கேட்பது போலிருந்தது அவளுக்கு.

வேலாயுதம் அவள் கையைப் பிடித்தார். நாலு பேர் இருக்கும் இடத்தில் அப்படிப் பிடிக்கிறவரல்ல.

"தூங்காத வள்ளி. இனிமேதான் இருக்கு."

"நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன். நீங்க கேளுங்க."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். இருவரும் தண்ணீரின் மேல் நடந்து போனார்கள். கால் நனையவில்லை. அவர் இரண்டடி முன்னால் போனார், எப்போதும் போல. ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்கவில்லை.

விழித்தபோது அவர் விரல்கள் அவள் கைக்குள் தளர்ந்திருந்தன. தலை அவள் பக்கம் சாய்ந்திருந்தது. மணிக்கட்டில் விரல் வைத்தாள். கழுத்தில் வைத்தாள். மூக்கின் முன் புறங்கையை நீட்டி வைத்துக் காத்திருந்தாள். அவளுடைய கைகளுக்கு இது தெரிந்த விஷயம்.

'போற நேரம் வந்தா நெஞ்ச அமுக்கி எழுப்பாத' என்று போன மாதம்தான் கேட்டுக்கொண்டார். சரி என்று தலையாட்டியிருந்தாள்.

எழுந்து கூப்பிட வாய் திறந்தாள். அப்போது மேடையில் ரஷீத்தின் குரல் மாறியது.

"போன வருஷம் இதே மாநாட்டுல ஒரு ஷூ ஃபேக்டரி காமிச்சேன். முழுக்க ஏசி, ஜன்னலே கிடையாது. முடிச்சதும் நம்ம வேலாயுதம் எழுந்து ஒண்ணு கேட்டாரு. 'உள்ள உக்காந்து தைக்கிற பொண்ணுக்கு வெளிய மழை பெய்யறது தெரியுமா?'"

கூடம் சிரித்தது.

"அன்னிக்கும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா ஒரு வருஷமா என்ன விடல அந்தக் கேள்வி. முதலாளிகிட்ட நடையா நடந்து, செவுத்த இடிக்க வெச்சேன். வேலாயுதம், இது உனக்கு."

படம் ஓடியது. நீளமான தையல் கூடம், சுவர் இருந்த இடத்தில் வரிசையாக ஜன்னல்கள், வெளியே மழை. ஸ்பீக்கர்களிலிருந்து மழைச் சத்தம் எழுந்து கூடம் முழுக்க நிறைந்தது. மெஷினில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ சொன்னாள். அவளும் பார்த்தாள். திரையின் வெளிச்சத்தில் மழையின் நிழல் வேலாயுதத்தின் கன்னங்களில் வழிந்து இறங்கியது.

ரஷீத் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் எதுவும் தெரியாவிட்டாலும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

பேசி முடிக்கட்டும் என்று நினைத்தாள் அமிர்தவள்ளி. திறந்திருந்த அவர் கண்களை உள்ளங்கையால் மெல்ல மூடினாள். தலையைத் தன் தோளில் நன்றாகச் சாய்த்துக்கொண்டு, சால்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

மழை நின்றது. விளக்குகள் எரிந்தன.

"இப்ப சொல்லு வேலாயுதம், தெரியுமா தெரியாதா?" என்றார் ரஷீத். எல்லோரும் திரும்பினார்கள். ஹேமந்த் சிரித்துக்கொண்டே மைக்கோடு ஓடிவந்தான். அவர் தூங்குவதாக நினைத்து, தயங்கி, அவளிடம் நீட்டினான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு அவருக்குக் கேள்வி இல்லீங்க."

கைதட்டல் கூரையில் மோதியது. ரஷீத்தும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். கைதட்டல் ஓயும் முன்பே மேடையின் படிகளில் இறங்கத் தொடங்கியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குத் தெரிந்ததையே சொன்னார்கள். பிரேம்நாத் போனில் அழுதான், கிளம்பிவிட்டதாகச் சொன்னான்.

சாயங்கால வெயிலில் ஆம்புலன்ஸ் நெடுஞ்சாலை ஏறியது. "சைரன் போடட்டுமாம்மா?" என்று டிரைவர் கேட்டார்.

"வேணாம்பா. மெதுவாவே போ."

எதிர் இருக்கையில் ரஷீத் உட்கார்ந்திருந்தார். வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, ஏறிக்கொண்டார். நடுவில் வெள்ளைத் துணிக்குள் வேலாயுதம் வண்டியோடு லேசாக அசைந்துகொண்டிருந்தார். வண்டி பள்ளிகொண்டாவைத் தாண்டியது.

"பாபி" என்றார் ரஷீத். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் அப்படித்தான் அழைப்பார், அண்ணி என்று. "அவன் பாத்தானா? அந்த மழைய?"

வார்டு வாசலில் எத்தனையோ பேர் அவளிடம் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். கடைசியாகக் கண் திறந்தாரா, பேர் சொன்னாரா என்று. தெரியாததைத் தெரியாது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்லியே பழகியவள்.

"பாத்தாரு" என்றாள்.

"இன்னாவாவது சொன்னானா?"

அவள் வெளியே பார்த்தாள். பாலாற்று மணலில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது.

"ஜன்னல் இன்னும் கொஞ்சம் கீழ இருக்கணும்னாரு."

ரஷீத் சட்டென்று சிரித்தார். "சொல்வான். அவன் அதத்தான் சொல்வான்." சிரிப்பு நிற்காமல் தோள்களைக் குலுக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

ஆம்பூர் நெருங்கியது. தொழிற்சாலைகளில் தோல் ஊறும் வாடை கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே வந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றிய வேலாயுதத்தின் ஷூக்கள் ரஷீத்தின் மடியில் இருந்தன. யார் அவரிடம் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் ஒன்றை எடுத்து, அவிழ்ந்து தொங்கிய கயிற்றை இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, மெதுவாக முடிச்சுப் போடத் தொடங்கினார்.