சின்னுசாமி மகள் செய்த ரோபோக்கள்

"கைய இன்னும் கொஞ்சம் முன்னால நீட்டு அம்மிணி," என்று சௌமியாவின் முழங்கையைத் தள்ளிவிட்டார் மாமா ஜெயபிரகாஷ்.

சாவு வீட்டு வாசலில் ஆண்கள் வரிசையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். வருகிறவர்கள் ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு உள்ளே போவார்கள். முதல் இடம் மகனுக்கு. இறந்துபோன சின்னுசாமிக்கு இருந்தது ஒரே மகள், சௌமியா.

"பொம்பளப் புள்ளய எதுக்கு நிறுத்தோணும்?" என்றார் பெரியப்பா.

"மச்சானுக்கு வேற ஆருங்க இருக்கறா?" என்றார் மாமா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாவது இடத்துக்கு நகர்ந்தார்.

கூட்டம் வந்தது. நாமக்கல் ஜில்லாவில் கோழிகளைத் தவிர மற்ற எல்லோரும் வந்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். மந்திரி செத்தால்கூட இத்தனை செருப்பு வாசலில் சேராது. செத்தவரோ முட்டை லாரி டிரைவர். காலையில் பண்ணையில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு. இப்போது நடுவீட்டில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தார். அம்மா சாரதாமணி அதன்மேல் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

வந்தவர்களில் ஒருவரையும் சௌமியாவுக்குத் தெரியவில்லை. அவளை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"முட்டை எடுக்கற மிசின் செஞ்ச புள்ள நீதானா?" என்று கையைப் பிடித்தார் ஒரு பண்ணைக்காரர். "கோழிக்கே தெரியாம அடியில இருந்து எடுத்து அட்டையில அடுக்குதாமா. உங்கப்பன் சொன்னாரு. எங்க பண்ணையில முட்டை தானா உருண்டு வந்துரும் சின்னுசாமின்னேன். வந்தா என்ன, ஒண்ணு வாங்கிப் போடுங்கன்னுட்டாரு."

சௌமியா விழித்தாள். "ஆமாங்க," என்றாள்.

அடுத்து டயர் கடைக்காரர். அவள் செய்த ரோபோ லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு ஏற்காடு மலை ஏறியிருக்கிறது. கொண்டை ஊசி வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்திருக்கிறது. அவருக்குப் பின்னால் வந்த டீக்கடை அம்மா, ஜப்பான்காரன் காலேஜ் வாசலில் வந்து காத்துக் கிடந்ததையும் சௌமியா அவனை அப்புறம் வரச் சொல்லி அனுப்பியதையும் நேரில் பார்த்தவள் மாதிரி சொன்னாள்.

"ஆமாங்க," என்றாள் சௌமியா, ஜப்பானுக்கும்.

உண்மையில் ரோபோட்டிக்ஸ் மூன்றாம் வருஷம் வரைக்கும் அவள் செய்தது இரண்டே இரண்டு. முதலாவது ஒரு வண்டி. கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே போக வேண்டிய அந்த வண்டி, சாருக்கு முன்னாலேயே டேப்பை விட்டு விலகி மேஜையிலிருந்து குதித்து உயிரை விட்டது. அதன்பிறகு செய்த இயந்திரக் கை, காகிதக் கப்பை எடுக்கச் சொன்னால் பழைய பகை தீர்ப்பதுபோல நசுக்கியது. அரியர் தாள்கள் குட்டி போட்டுக்கொண்டே இருந்தன. படிப்பை விட்டுவிடுவது என்று முடிவு செய்து, ஹாஸ்டல் அறையைக் காலி செய்து பெட்டி கட்டியிருந்தாள். அப்பாவிடம் நேரில் சொல்லிவிடலாம் என்று பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மாமாவின் போன் வந்தது. எல்லாப் பெட்டியோடும் வந்து இறங்கியவளை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அப்பா தினமும் போன் செய்வார்.

"சாப்டியா சாமி?"

"ம்."

"செரி, வெச்சர்றேன்."

அவ்வளவுதான். கேரளா வரைக்கும் வழிநெடுகக் கதை இறக்கிவிட்டுப் போனவர், அவளிடம் ஒன்றைக்கூடச் சொன்னதில்லை. யார் யாரோ வந்து அவள் அப்பாவை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நீட்டிய கைகள் மரத்துப்போயின.

ஒருவர் முன்னால் வந்து, கையைத் தராமல் நின்றார். பிறகு வேட்டி மடிப்பிலிருந்து வலது கையை எடுத்து அவள் கைமேல் வைத்தார். அதில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

"கந்தப்பனுங்க. அப்பா சொல்லியிருப்பாரு."

"சொல்லலீங்க."

"தீவன மில்லுல மாட்டிப் போயிருச்சு. எம்புள்ள படிச்சு முடிக்கட்டும், புதுக் கை மாட்டி உட்ரும், அதுல நீ ஊசிக்கு நூலே கோக்கலாம்னாரு."

சௌமியா வாயைத் திறந்தாள். இதற்கு மட்டும் ஆமாங்க வரவில்லை.

"எனக்கு அதெல்லாம் செய்யத் தெரியாதுங்க," என்றாள். பிறகு, "படிப்ப உட்டுட்டு வந்துட்டனுங்க," என்றாள்.

அப்பாவுக்கென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை. தெருவில் அடித்த தப்பு மேளச் சத்தத்தில் பக்கத்தில் நின்ற மாமாவுக்குக்கூடக் கேட்கவில்லை.

கந்தப்பன் முகத்தில் மாற்றம் ஒன்றுமில்லை. "அவரு சொல்றதுல பாதியக் கழிச்சு, மிச்சத்துலயும் பாதியக் கழிக்கோணும்னு எங்களுக்குத் தெரியாதுங்களா? லோடு ஏத்தி முடியற வரைக்கும் சொல்லுவாரு, சிரிச்சுட்டு இருப்போம்." தன் கையைக் கண்ணால் காட்டினார். "இப்பிடி ஆனதுல இருந்து எல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்துத்தானுங்க பேசுவாங்க. அவரு கையப் பாத்துப் பேசுவாரு."

சொல்லிவிட்டுக் கையை எடுக்கப் போனார். சௌமியா விடவில்லை.

"கட்டவெரல் மடங்குங்களா?"

"மடங்குமுங்க."

"மடக்குங்க."

விரல் மெல்ல மடங்கி உள்ளங்கையைத் தொட்டது. அதனடியில் தசை திரண்டு எழுவது அவள் விரல்நுனியில் பட்டது.

வாசலைத் தாண்டி ரோடு வரைக்கும் வரிசை நின்றுபோயிருந்தது.

"அம்மிணி, ஆளுக நிக்கறாங்க," என்றார் மாமா.

சௌமியா குனிந்து, அந்தக் கையை வெளிச்சத்துப் பக்கம் திருப்பினாள்.

"இன்னொருக்கா," என்றாள். "மெதுவா."