குளிர் ஆகாது

"கேக்காம என் நொதிக் குழாய எதுக்குத் தொட்டே சாம்பு, நான்தான் மேசை மேல..."

"கரண்ட் போச்சுக்கா, ஃபேன்கூட சுத்தல..."

"ஃபேன் சுத்தலன்னா உனக்குத்தானே வேர்க்கும், அதுக்கென்ன?"

"வெயில்ல கெட்டுப்பூடுமேன்னுதான் ஐஸ்ல வெச்சேன்."

"ஐஸ்ல வெச்சாத்தான் கெட்டுப்போகும். அது குளிர்ல செத்துடும்பா."

சாம்பசிவன் ஐஸிலிருந்து குழாய்களை எடுத்து ஹில்டாவிடம் நீட்டினான். அவனுடைய ஆராய்ச்சி மீன் ஈரலில். அதிலிருந்து எடுக்கும் எதையும் ஐஸை விட்டு வெளியே வைத்தால் நாறிப்போகும். முடிச்சூரிலிருந்து வரும்போதே சைக்கிள் கேரியரில் ஐஸ்கட்டியைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு வருகிறவன். ஹில்டா பாலக்கீரையிலிருந்து எடுக்கும் நொதி மட்டும் ஊரோடு ஒத்துப்போகாத ஜாதி. தாம்பரத்துச் சித்திரை வெயில்தான் அதற்குச் சுகம். குளிர்பட்டால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். இரண்டு வருஷமாக ஆய்வுக்கூடத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. சோற்று மூட்டையைக்கூடப் பங்கு போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லிவைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

கீரையின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் அந்த நொதியில், ஏ.டி.பி. என்கிற சின்னஞ்சிறு பொருள் எந்தெந்த இடத்தில் போய் உட்காருகிறது என்பதுதான் ஹில்டா தேடுவது. அதை அளக்கும் கருவி கிண்டியில் இருக்கிறது. மாதக்கணக்கில் நடையாய் நடந்து, நாளைக்கு ஒருநாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மறுபடி கீரை வாங்கி, அரைத்து, பிரித்தெடுக்க ஒரு வாரம் ஆகும்.

குழாய்கள் இரண்டு. ஒன்றில் வெறும் நொதி, மற்றதில் ஏ.டி.பி. கலந்தது. இரண்டிலும் துளி எடுத்துச் சோதித்தாள். உயிர் இருந்தால் நீலம் ஏற வேண்டும். முதலாவது நிறமில்லாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. சாம்பசிவன் தலையைக் குனிந்துகொண்டான். இரண்டாவதும் கொஞ்ச நேரம் சும்மாதான் இருந்தது. பிறகு அடியிலிருந்து மெல்ல, சொட்டு நீலம் போட்ட வேட்டிபோல நிறம் ஏறியது.

"அக்கா, இது பொழச்சிக்கினு கீதே."

ஏ.டி.பி. ஒட்டியிருந்தால் குளிரைத் தாங்கும் என்று அவள் படித்ததுதான். படித்தது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. அத்தனூண்டு பொருள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய நொதியை உதிராமல் பிடித்து வைத்திருக்கிறது. கிண்டிக்குப் போக வேண்டியதும் இந்தக் குழாய்தான். ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பி, குழாயை உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினாள். வெளியே மின்சார ரயில் ஒன்று கிண்டிப் பக்கமாக ஊர்ந்தது.

"நாளைக்கு நானும் வரட்டாக்கா? சட்டைப் பாக்கெட்டுல, ஒடம்பு சூட்டோட எடுத்துக்கினு வர்றேன்."