கேசரிக்குக் கொடுத்த அரை மாத்திரை

காலையில் காபி டம்ளரோடு கூடத்துக்கு வந்த சுகந்தி, தரையில் ரத்தத் துளிகளைப் பார்த்ததும் முதலில் தன் நைட்டியைத்தான் திருப்பிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. இல்லாமல் எப்படி? அவள்தான் மாத்திரை போட ஆரம்பித்துவிட்டாளே. அடுத்து மகளின் அறைக்கு ஓடினாள். எட்டாம் வகுப்புப் படிக்கும் வைஷ்ணவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் படுக்கையிலும் ஒன்றும் இல்லை. துளிகள் போன வழியிலேயே போய்ப் பார்த்தால், சோபாவுக்கு அடியில் கேசரி தன்னை நக்கிக்கொண்டு படுத்திருந்தாள்.

கேசரி அந்த வீட்டு நாய். போன மழைக்காலத்தில் லிங்கராஜபுரத்தில் ஒரு சாக்கடை ஓரம் நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை, சுகந்தியின் கணவன் ஹரிஷ்குமார் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். நிறத்தைப் பார்த்து வைஷ்ணவி பெயர் வைத்தாள். குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, "குழந்தைங்க அது, அதுக்குள்ள கத்தி வெக்கணுமா?" என்று தள்ளிப்போட்டவனும் அவன்தான். மின்சாரக் கட்டணத்தையே தள்ளிப்போடுகிறவன், இதையா உடனே செய்துவிடுவான்?

இப்போது கேசரி பருவத்துக்கு வந்துவிட்டாள். அதுவும் எப்போது? தசரா லீவில் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, திருச்செந்தூர் என்று மொத்தக் குடும்பமும் வேன் பிடித்துக் கிளம்ப இன்னும் ஒரு வாரம்கூட இல்லாதபோது.

அந்தப் பயணம் ஹரிஷின் அக்கா அம்புஜம் போட்ட திட்டம். அம்புஜம் ஆம்பூரில் இருக்கிறாள் என்றுதான் பெயர், லிங்கராஜபுரத்து மாடி வீட்டில் என்ன குழம்பு கொதிக்கிறது என்பதுவரை அவளுக்குத் தெரியும். வேனில் யாருக்கு ஜன்னலோரம், எந்த ஊரில் என்ன டிபன் என்று எல்லாம் முடிவாகிவிட்டது. கூடவே, வேனில் வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் தேதி எப்போது என்பதும் அவள் விரல் நுனியில் இருந்தது. வண்டியின் முன்னால் முருகன் படத்துக்கு மாலை போட்டு வைக்கப்போகிறார்கள். தீட்டோடு யாரும் ஏறக் கூடாது. தேதி இடிக்கிறவர்கள் மாத்திரை போட்டுத் தள்ளிவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து சுகந்தி தள்ளிவைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். திருப்பதி, பழனி, நாத்தனார் மகளின் வளைகாப்பு, எல்லாவற்றுக்கும் மாத்திரை. பழனிக்குப் போய்வந்த பிறகு வாரக்கணக்கில் ரத்தம் நிற்காமல் போனது. இடுப்பு விட்டுப்போய், அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற விஷயமா அது என்று நினைத்துவிட்டாள்.

இந்த முறை வைஷ்ணவிக்கும் தேதி இடித்தது. "பாப்பாவுக்கும் வாங்கிக் குடுத்துடு சுகந்தி. இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா?" என்று அம்புஜம் போனில் சொல்லிவிட்டாள். "எனக்குத்தான் எல்லாத்தையும் எடுத்துட்டாங்களே, நிம்மதி. எந்தக் கோயிலுக்கும் எப்ப வேணும்னாலும் கிளம்பலாம்."

கர்ப்பப்பையை எடுத்ததைத்தான் அப்படிச் சொன்னாள். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு இது வேண்டாம் அண்ணி என்று சொல்ல சுகந்திக்கு வாய் வரை வந்தது. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. "சரி அண்ணி" என்றாள்.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கவில்லை, யாருக்கு என்றும் கேட்கவில்லை. திருட்டுச் சாமானைப் போல ஒரு கருப்பு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். அவளும் அதைக் கைப்பையின் அடியில் திணித்துக்கொண்டு வந்து, பிரிட்ஜ் மேல் வைத்தாள். மகளுக்கு நாளை சாயங்காலம் ஆரம்பிக்கலாம் என்று ஒரு நாள் தள்ளினாள். தள்ளிப்போடுவதில் புருஷனுக்குச் சளைத்தவள் இல்லை.

இதற்கு நடுவில் கேசரி. ஹென்னூர் ரோடு பக்கம் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தில் ஏற்கெனவே பேசிவைத்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "ஹீட்ல இருக்கிற நாயை எடுக்க மாட்டோம் மேடம், இங்க இருக்கிற பசங்க சும்மா இருக்க மாட்டாங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். கீழ் வீட்டு பிரிஜெட் அக்காவைக் கேட்கலாம் என்றால், அவர்கள் வீட்டில் புரூனோ இருக்கிறான். கிழட்டு நாய், எழுந்து நடக்கவே ஒரு மணி நேரம் யோசிக்கிறவன், அன்று காலையிலிருந்து மாடிப்படியைப் பார்த்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான்.

"உங்க வீட்ல இன்னொரு பொண்ணு வயசுக்கு வந்துட்டாளாமே?" என்று பிரிஜெட் அக்கா சிரித்தாள். பிறகு கேட்டைக் காட்டினாள். "அங்க பாரு, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தாச்சு."

கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பிரிஜெட் அக்காவின் புருஷன் டென்சில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். உடம்பை உதறிவிட்டு அதே இடத்தில் படுத்துக்கொண்டன. மத்தியானம் ஒன்று மதிலேறிக் குதித்து மாடிப்படி வரைக்கும் வந்துவிட்டது. உள்ளே கேசரி கதவைப் பிறாண்டிப் பிறாண்டி அழுதாள். வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்த சுகந்தி, மீட்டிங்கில் மைக்கை அணைத்துவிட்டு விளக்குமாற்றோடு ஓடினாள்.

அப்போதுதான் ஹரிஷ் போன் செய்தான். "ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னாரு. நாய்க்கும் தள்ளிப்போட மருந்து இருக்காம். உங்களுக்கெல்லாம் இருக்குல்ல, அந்த மாதிரி. நாளைக்கு சாயங்காலம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போலாம்."

நாளைச் சாயங்காலம் வரை யார் விளக்குமாற்றோடு நிற்பது? சுகந்தி பிரிட்ஜ் மேலிருந்த கருப்பு கவரைப் பார்த்தாள். நான் போடுகிறேன். நாளைக்குக் குழந்தையும் போடப்போகிறாள். ஊரில் எல்லாப் பெண்களும் போடுவதுதானே. குழந்தைக்கே கொடுக்கலாம் என்றால் நாய்க்குக் கொடுத்தால் என்ன? அப்படி நினைத்தபோது, மகள் விஷயத்தில் இருந்த உறுத்தலும் கொஞ்சம் அடங்கியது. ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்து, பாதியைப் பொடித்துத் தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தாள். கேசரி தட்டை நக்கித் துடைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் கிளினிக்கில் டாக்டர் வீணா, ஹரிஷ் பேசி முடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

"பேடா சார், வேணாம். டூர் போகணும், கல்யாணம் இருக்கு, ஊசி போடுங்கன்னு நிறைய பேர் வர்றாங்க. நான் போடறதே இல்ல. ஹீட் ஆரம்பிச்சாச்சு, இப்ப அதைத் தொடக் கூடாது. இந்த மாதிரி மருந்தெல்லாம் கர்ப்பப்பையைக் கெடுத்துடும். உள்ள சீழ் பிடிக்கலாம். கவனிக்காம விட்டா உயிரே போயிடும்."

மேஜைமேல் நின்ற கேசரி சுகந்தியின் கையை நக்கினாள்.

"டாக்டர், நான் நேத்து ஒரு அரை மாத்திரை குடுத்துட்டேன்."

"யாவ மாத்திரை? எந்த மாத்திரைம்மா?"

"என்னோடது. நாங்க போடறது."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். திட்டவில்லை. அதுதான் சுகந்திக்கு இன்னும் பயமாக இருந்தது. "அரைதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நம்புவோம். இனிமே குடுக்காதீங்க. ஆனா இந்த ஹீட் முடிஞ்சும் சில வாரம் கண்ணுல எண்ணெய் விட்டுப் பாத்துக்கணும். தண்ணி ஜாஸ்தி குடிச்சாலோ, சாப்பிடாம படுத்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க. வெளியாளுங்ககிட்ட விட்டுட்டுப் போகாதீங்க."

வீடு வரும் வரை ஆட்டோவில் ஹரிஷ் கத்திக்கொண்டே வந்தான். "மனுஷங்க மாத்திரையை வாயில்லாத ஜீவனுக்குக் குடுக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு? ஒரு வார்த்தை டாக்டரைக் கேட்டியா? அதுக்கு என்ன வயசு? அதோட உடம்பு என்னாத்துக்கு ஆகும்?"

அவன் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை. எல்லாம் சரியான கேள்விகள். இதே கேள்விகளை இந்த வீட்டில் யாரும் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பதுதான் சுகந்தியைச் சுட்டது. அவளே கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஹரிஷ் கூடத்துத் தரையில் உட்கார்ந்து கேசரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டான். அவன் கண்கள் கலங்கியிருந்தன. அந்த நேரம் பார்த்து அம்புஜத்தின் போன் வந்தது. "ஆங் அக்கா... நாய் விஷயம்தான் இன்னும் தீரல... இரு, கேக்கறேன்." போனைக் காதிலிருந்து எடுக்காமலே சுகந்தியைப் பார்த்தான். "பாப்பாவுக்கு மாத்திரை ஆரம்பிச்சிட்டியான்னு அக்கா கேக்குது. இன்னிக்கே போட்டாத்தான் சரியா வருமாம்."

கேசரியின் காதைத் தடவிக்கொண்டிருந்த கை தடவிக்கொண்டேதான் இருந்தது.

"நானே போட்டுக்கறேன்பா" என்று வைஷ்ணவி அறையிலிருந்து வந்தாள். அவளுக்குத் தனுஷ்கோடி கடலைப் பார்க்க வேண்டும். அத்தை பெண்களோடு தண்ணீரில் ஆட ஒரு புது பேன்ட்கூட வாங்கி வைத்திருந்தாள். பிரிட்ஜ் மேலிருந்து கவரை எடுத்து, ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டாள். கை வாய்க்குப் போனது.

சுகந்தி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். யோசித்துச் செய்யவில்லை. மாத்திரை தரையில் விழுந்து உருண்டது. ஏதோ தின்பண்டம் என்று நினைத்து மடியிலிருந்து கேசரி துள்ளி ஓடினாள்.

"ஐயோ! அது வாயில போட்டுக்கும்! எடு, எடு!" ஹரிஷ் போனைப் போட்டுவிட்டு மண்டியிட்டுத் தாவி, மாத்திரையின்மேல் கையை வைத்துப் பொத்தினான்.

அப்படியே இருந்தான். கைக்கு அடியில் மாத்திரை. கேசரி அவன் விரல்களை முகர்ந்துகொண்டிருந்தாள். சுகந்தி அவனைப் பார்த்தாள், வைஷ்ணவியும் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஹரி? டேய் ஹரி? என்னா சத்தம் அங்க?" என்று தரையில் கிடந்த போன் கேட்டது.

சுகந்தி குனிந்து அதை எடுத்தாள்.

"அண்ணி, நானும் வைஷுவும் வரல."

"என்னா ஆச்சு திடீர்னு?"

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். என் பெண்ணுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க மாட்டேன் என்று ஒரே ஒரு வரி. அது வரவில்லை. இத்தனை வருஷமாக விழுங்கிப் பழகிய தொண்டை. "கேசரிக்கு உடம்பு சரியில்ல அண்ணி. ஆள் இருந்து பாத்துக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள்.

"ஒரு நாய்க்காகவா? வேண்டுதல்டி இது!"

ஹரிஷ் எழுந்து வந்து போனை வாங்கினான். "ஆமாக்கா. உயிர் விஷயம். நான் மட்டும் வரேன், அவங்க ரெண்டு பேரும் கூட இருக்கட்டும். சொன்னா கேளுக்கா." அக்காவை ஒருநாளும் எதிர்த்துப் பேசாதவன் குரலை உயர்த்திப் பேசினான். நல்ல மனசுதான், அதில் சந்தேகமே இல்லை. அந்த நல்ல மனசைப் பார்த்துச் சுகந்திக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நாயின் பெயரைச் சொன்னதும் விடுதலை கிடைத்துவிட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது.

வைஷ்ணவி கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. கேசரியோடு மட்டும் பேசினாள்.

சுகந்தியும் தன் மாத்திரையை நிறுத்தினாள். ஹரிஷ் வேன் ஏறிப் போன மறுநாள் அவளுக்கு ஆரம்பித்தது. பழனிக்குப் பிறகு வந்ததைப் போலவே, அதைவிடவும் மோசமாக. வைஷ்ணவிக்கும் வந்தது. வெளியே காவல் இருந்த நாய்களைத் தாண்டி டென்சில்தான் கடைக்குப் போய்ப் பாலும் நாப்கினும் வாங்கி வந்தார். அவரிடமும் கருப்பு கவரில் சுற்றித்தான் கொடுத்தார்கள்.

ஹரிஷ் ராமேஸ்வரத்திலிருந்து காலையும் மாலையும் கூப்பிட்டான். அன்று மாலை சுகந்தி சுருண்டு படுத்திருந்தாள். பின்னால் அம்புஜத்தின் குரலும் கோயில் கூட்டத்தின் சத்தமும் கேட்டன.

"கேசரி எப்படி இருக்கா? சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

"தண்ணி நிறைய குடிக்கிறாளா? வாடை கீடை இருக்கா?"

"இல்ல."

"ரத்தம் ரொம்பப் போகுதா?"

"கேசரிக்குக் குறைஞ்சிடுச்சுங்க. எனக்குத்தான் நிக்கல."

"உனக்கா? உனக்கு என்னா ஆச்சு?" என்றான். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். அவனுக்குத் தெரியாது. யார் சொன்னார்கள், தெரிவதற்கு?

அறை வாசலில் வைஷ்ணவி வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சின்னப் பெண் முன்னால் எதற்கு என்று சுகந்தி வழக்கம்போல் குரலைத் தாழ்த்தப் போனாள். தாழ்த்தவில்லை. கையை நீட்டி மகளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் படுக்கையின்மேல் வைத்தாள்.

"பழனிக்குப் போயிட்டு வந்தோமே, அப்பவே இப்படித்தாங்க" என்று ஆரம்பித்தாள். "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. சொல்றேன், கேளுங்க."