அமைதியாக என்றொரு சொல்

யார்க்‌ஷயரின் ஒரு சிற்றூர் வாரப் பத்திரிகையில் மரண அறிவிப்புகளை வாங்கித் திருத்தி அச்சுக்கு அனுப்புவது வினிஃப்ரெட்டின் வேலை. 'குடும்பத்தார் சூழ்ந்திருக்க', 'மனைவியின் கையைப் பிடித்தபடி' என்று யார் எழுதிக் கொடுத்தாலும், அதற்கு முன்னால் 'அமைதியாக' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிடுவாள். இருபது வருடப் பழக்கம். ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஹில்டா சட்கிளிஃப் நனைந்த கோட்டோடு வந்து பத்திரிகையை மேசைமேல் விரித்தாள்.

"இந்த 'அமைதியாக'வை யாரு போட்டது? நான் எழுதலையே."

"வழக்கமா போடுறதுதாங்க. எல்லாருக்கும்..."

"மத்தவங்க எப்படியோ சாகட்டும். என் வீட்டுக்காரரு மூணு நாள் மூச்சுக்குப் போராடினாரு. இதப் பாருங்க, அவரு புடிச்ச புடி." அவள் மணிக்கட்டில் நகம் பதிந்த இடம் கன்றியிருந்தது. "தெருவுல பாக்குறவங்க எல்லாம், 'அமைதியா போயிட்டாராமே, நல்லதாப் போச்சு'ங்கிறாங்க. நான் பார்த்ததை இனிமே யாருகிட்ட சொல்றது?"

வினிஃப்ரெட் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தாள்.

"அடுத்த வாரம் திருத்திப் போட்டுடறேன்."

"எங்கேர்ந்து வந்துச்சு உங்களுக்கு இந்தப் பழக்கம்?"

"எங்கம்மா செத்தப்போ முதல்ல போட்டேன்."

ஹில்டாவின் குரல் சற்றுத் தணிந்தது. "பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லைங்க," என்றாள் வினிஃப்ரெட். "அதனாலதான் போட்டேன்."