வட்டத்துக்குள் மாப்பிள்ளை

குதிரைப் பந்தயத் திடலில் அவளுக்கு மைக் அக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள். ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் ஓடப்போகும் குதிரைகளை ஒரு வட்டத்தில் நடத்திக் காட்டுவார்கள். அந்த வட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, எந்தக் குதிரை இன்று எப்படி இருக்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பார்ப்பது கால், தோள், இடுப்பு, வியர்வை, கண். சொந்தக்காரரின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். ஒருமுறை பெரும் பணக்காரர் ஒருவரின் குதிரையை, "பாக்க லட்சணமா இருக்கு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டாள். மனிதர் அந்த சீசன் முழுக்க அவளோடு பேசவில்லை. அதனால் அவள் ஒன்றும் இளைத்துவிடவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் குதிரைப் பயிற்சியாளர். வம்பு அங்கேதான்.

பல வருடம் பெரிய லாயம் ஒன்றில் கைகட்டி வேலை பார்த்தவர், சென்ற வருடம்தான் தனியாக ஒரு சின்ன லாயம் தொடங்கினார். வந்து சேர்ந்த குதிரைகள் எல்லாம் அடுத்தவர்கள் கை கழுவியவை. ஒன்றுக்கு மூச்சு இரைக்கும், ஒன்றுக்கு முட்டி வீங்கும், இன்னொன்று ஓடுவதே பாவம் என்று முடிவு செய்துவிட்ட சாமியார். லாயம் தொடங்கிய அன்றைக்கே மைக் அக்கா கணவரை உட்கார வைத்துக் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"உங்க குதிரைங்களப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை பேசக்கூடாது. நானும் லாயத்துப் பக்கம் எட்டிப் பாக்கமாட்டேன். புருஷனுக்காகச் சொன்னான்னு நாளைக்கு ஒருத்தன் பேசிடக்கூடாது."

அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதன் பிறகு வீட்டில் அவர்கள் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசினார்கள், மகளின் பரீட்சை பற்றிப் பேசினார்கள், பக்கத்து வீட்டு நாயின் குணநலன்களை அலசினார்கள். இருவருக்கும் உயிரான விஷயம் ஒன்றே ஒன்று, அதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

ஆனாலும் விஷயம் கசியத்தான் செய்தது. குளியலறையில் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. தூக்கத்தில் ஒருநாள், "மெதுவா மாப்ள, யாரும் துரத்தல" என்றார். மாப்பிள்ளை யார் என்று மகள்தான் சொன்னாள். பேக்கரி நடத்துகிற ஒரு அம்மா வாங்கி, பழக்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்த இரண்டு வயதுக் குட்டி. நடக்கிற முறுக்கைப் பார்த்து லாயத்தில் வைத்த பெயராம். அப்பா தொடக்கத்திலிருந்து தன் கையால் பழக்குகிற முதல் குட்டி அதுதான்.

மீதியைத் திடலின் குதிரை டாக்டர் சொன்னார். பழைய பெரிய லாயத்துக்காரர் பேக்கரி அம்மாவை விடாமல் நச்சரிக்கிறார், இப்பேர்ப்பட்ட குட்டியை என்னிடம் தந்திருக்கக்கூடாதா என்று. அந்த அம்மாவும் முதல் பந்தயத்தைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். மாப்பிள்ளை போனால் மற்ற நோஞ்சான்களை வைத்துக்கொண்டு லாயம் தாங்காது. கணவர் திரும்பவும் பெரிய லாயத்துக்குப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து மைக் அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பந்தய நாள் காலையில் கணவர் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மூடினார்.

"என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மோட்டார்ல சத்தம் வருது."

அவள் திடலுக்குப் போனதும் முதல் வேலையாகப் பந்தய அதிகாரியைப் பிடித்தாள். "சார், குட்டிங்க ஓடுற ரேஸுக்கு மட்டும் வேற யாரையாவது பேச விடுங்களேன்."

"யாரு இருக்கா? நான் பேசவா? குதிரை சிரிச்சிரும்," என்றார் அவர். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

இரண்டு வயதுக் குட்டிகளை சீசன் தொடக்கத்தில் பார்ப்பது மைக் அக்காவுக்கு அலுக்கவே அலுக்காது. பள்ளிக்கூடத்தில் முதல் நாள் கொண்டுவந்து விட்ட பிள்ளைகளாக வட்டத்துக்குள் வரும். குடை விரித்தால் மிரளும், கொடி அசைந்தால் நின்றுவிடும், தன் நிழலைத் தானே முகர்ந்து பார்க்கும். இந்த வயதில் யார் பெரிய குதிரையாக வருவார்கள் என்பது ஒரு கணக்கு. இன்றைய குறுகிய ஓட்டத்தில் யார் முந்துவார்கள் என்பது முற்றிலும் வேறு கணக்கு. சீக்கிரம் வளர்ந்து முடித்தவர்கள்தான் இப்போது ஜெயிப்பார்கள். வளரவேண்டியது பாக்கி இருப்பவர்களை அவசரப்படுத்தினால் கால்தான் கெடும்.

அவள் மைக்கை எடுத்தாள்.

"ஒண்ணாம் நம்பர். தொடைக்கு நடுவுல நுரை தள்ளுது பாருங்க. பாவம், ரேஸை இங்கயே ஓடி முடிச்சிருச்சு. ரெண்டாம் நம்பர், நம்ம குண்டுப் பொண்ணு. முதுகு குட்டை, இடுப்பு திண்ணுனு இருக்கு, நடையில ஒரு அவசரமும் இல்ல. இவ வளர வேண்டியதெல்லாம் வளர்ந்தாச்சு. இன்னைக்கு இவளுக்கு வேலை இருக்கு. மூணாம் நம்பர் கூட்டாளியத் தேடிக் கத்திக்கிட்டே வருது. ஓட்டம் தொடங்குற கேட்டு திறந்தாலும் அது பின்னாலதான் திரும்பிப் பாக்கும்."

கூட்டம் சிரித்தது. நான்காவதாக மாப்பிள்ளை உள்ளே வந்தான்.

நல்ல கருஞ்சிவப்பு. நெற்றியில் திலகம் போல ஒரு வெள்ளை. கூட்டத்தை நிமிர்ந்து பார்த்த பார்வையில் பயமே இல்லை, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்பவன் மாதிரி. காலை நீட்டி வைக்கும் ஒவ்வொரு அடியும் பக்கத்துக் குட்டிகளின் ஒன்றரை அடி. இப்படி ஒன்றை வளர்த்துக்கொண்டு இந்த மனிதர் வீட்டில் மோட்டார் சத்தத்தைப் பேசிக்கொண்டிருந்தாரே என்று அவளுக்குப் பெருமையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

பிறகு சேணத்தைப் பார்த்தாள். அது முன்னால் சரிந்திருந்தது. கடிவாளம் பிடித்து நடத்தியவர் நின்று அதைப் பின்னால் இழுத்துவிட்டார். நாலு எட்டு வைப்பதற்குள் மறுபடியும் சரிந்தது. அவள் கொஞ்சம் குனிந்து, பக்கவாட்டில் பார்த்தாள். சந்தேகமே இல்லை. குட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிட நல்ல இரண்டு விரல் உயரம். வளர்த்தியில் இருக்கிறான். பின்பக்கம் முதலில் எழும்பிவிட்டது, முன்பக்கம் இனிமேல்தான் எட்டிப் பிடிக்க வேண்டும். இந்த நேரத்தில் முழு வேகத்தில் விரட்டினால் மொத்த பாரமும் முன்னங்கால்களில் இறங்கும்.

வட்டத்தின் ஓரத்தில் பேக்கரி அம்மா நின்றிருந்தார். மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பம் மொத்தமும், ஜாக்கியின் சட்டைக்குப் பொருத்தமாக மஞ்சள் உடுத்தி வந்திருந்தது. அவர்களுக்கு இரண்டடி தள்ளிப் பெரிய லாயத்துக்காரர். குட்டிக்கு அருகில் கணவர். அவர் யாரையும் பார்க்கவில்லை. கம்பத்தின் மேல் இருந்த ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்கான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஐந்தாம் நம்பருக்குப் போய்விடலாம். அதில் பொய்யும் இல்லை. அவள் நாக்கு நுனிவரை அது வந்தது.

"நாலாம் நம்பர்," என்றாள். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "இந்த வட்டத்துல இருக்கிறதுலயே சிறந்த குதிரை இவன்தான். இந்த வருஷம் நான் பாத்ததுலயே இவன்தான். ஆனா இன்னைக்கு வேண்டாம். பின்னால வளர்ந்துட்டான், முன்னால இன்னும் வளரல. சேணம் நிக்காம சரியுது பாருங்க. மழைக்காலம் தாண்டி வரட்டும், அப்ப இவனப் பிடிக்க ஆள் இருக்காது. இன்னைக்கு ஓடினா கால் தாங்காது."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கணவர் ஒலிபெருக்கியிலிருந்து பார்வையை இறக்கி, கடிவாளம் பிடித்தவரை நிற்கச் சொன்னார். குட்டியின் வயிற்றுக்கு அடியில் கைவிட்டு வார்ப்பட்டையை அவிழ்த்தார். சேணத்தை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மைக் அக்கா மைக்கை இறக்கினாள். என்ன காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தாள்.

பந்தய அதிகாரி ஓடி வந்தார். குதிரை டாக்டர் கால்களைத் தடவிப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒரு குறையும் இல்லை என்றார்.

"அப்புறம் என்ன காரணம்னு எழுதுறது? வளர்றான்னு எழுதவா?" என்று கத்தினார் அதிகாரி.

"அதையே எழுதுங்க சார்," என்றார் கணவர். அபராதம் உண்டு என்றார் அதிகாரி. இவர் அதற்கும் தலையாட்டினார்.

நாலாம் நம்பர் ஓடவில்லை என்று மைக் அக்காதான் அறிவிக்க வேண்டியிருந்தது. மற்ற குட்டிகள் ஓடின. குண்டுப் பெண் முதல் அடியிலிருந்தே முன்னால் போய், கடைசிவரை யாருக்கும் வழிவிடவில்லை. அந்த ஆரவாரம் அடங்கும்போது அவள் மைக்கை அணைத்துவிட்டு வட்டத்தைத் தாண்டி, குதிரைகளைக் கட்டும் இடத்துக்குப் போனாள். கணவரின் குதிரைகள் நிற்கும் பக்கம் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

அங்கே மஞ்சள் படை கணவரைச் சூழ்ந்துகொண்டு நின்றது.

"முதல்லயே தெரியாதா உங்களுக்கு?" பேக்கரி அம்மாவின் முகம் சிவந்திருந்தது. "ஒலிபெருக்கியில சொன்னப்புறம்தான் தெரிஞ்சுதா?"

"பாதி தெரியும்," என்றார் கணவர். "தினமும் பாக்குறேன்ம்மா. தினமும் பாக்குறதாலயே தெரியல. ஒருநாள் பின்பக்கம் உசந்த மாதிரி இருக்கு, ஒருநாள் அது என் பயம்தான்னு தோணுது. இவன் மேல எனக்கு ரொம்பப் பாசம் ஆயிடுச்சு, என் கண்ண நானே நம்பல. இவகிட்ட கேக்கணும்னு இருந்துச்சு. வீட்ல கேக்க முடியாது."

"ஏன் முடியாது?"

"குதிரையப் பத்திப் பேசக்கூடாதுன்னு சட்டம்."

பேக்கரி அம்மா இடுப்பில் கைவைத்தார். "ஏங்க, உங்க பொண்டாட்டிகிட்ட அபிப்பிராயம் கேக்கறதுக்காகவா என் குதிரைய ரேஸ் வரைக்கும் இழுத்துட்டு வந்தீங்க?"

கணவர் தலையாட்டினார். மருமகள் ஒருத்திக்குச் சிரிப்பு பீறிட்டது, மாமியாரைப் பார்த்து அடக்கிக்கொண்டாள். மைக் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமும் இந்த மனிதர் தன் பயத்தைத் தனியாக வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அவள்தான் அவர் வாயைக் கட்டிப்போட்டவள்.

பெரிய லாயத்துக்காரர் கனைத்தார். "நம்மகிட்ட இருந்தா இந்தக் கூத்தெல்லாம் நடக்காதும்மா."

பேக்கரி அம்மா மைக் அக்காவின் பக்கம் திரும்பினார். "குதிரையச் சொல்ற மாதிரி மனுஷரையும் சொல்லுவீங்களா? என் குட்டிய இவர்கிட்ட விடலாமா, கூடாதா? பொண்டாட்டியா சொல்லக்கூடாது. மைக் அக்காவா சொல்லணும்."

மைக் அக்கா கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கொஞ்சம் நடங்க," என்றாள்.

அவர் சேணத்தைத் தோளில் சுமந்தபடியே அந்தக் கோடிவரை நடந்து திரும்பி வந்தார். குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

"இடது முட்டி சரியில்ல. வேகம் கிடையாது, கேட்டு திறந்ததும் பாயிற ஜாதி இல்ல. வாயத் திறந்து எதையும் நேரத்துக்குச் சொல்லமாட்டார், நீங்கதான் தோண்டித் தோண்டிக் கேக்கணும். இன்னைக்கு இந்தக் குட்டிய இங்க கொண்டுவந்தது தப்பு. அதுல பாதித் தப்பு என்னோடது." அவள் மஞ்சள் கூட்டத்தைக் கை காட்டினாள். "ஆனா உங்க குடும்பமே மஞ்சளா வந்து நிக்குது. குட்டி கையவிட்டுப் போயிடும்னு இவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும், அதோட காலுக்காக எல்லார் முன்னாலயும் சேணத்த அவுத்தார். நான் இந்த வட்டத்துல எத்தனையோ வருஷமா நிக்கிறேன். அப்படி அவுத்த ஒருத்தர நான் பாத்ததில்ல. இத நான் பொண்டாட்டியா சொல்லல."

அவள் கணவரை இன்னொரு தரம் பார்த்தாள்.

"பொண்டாட்டியாவும்தான் சொல்றேன்," என்றாள்.

பேக்கரி அம்மா மாப்பிள்ளையிடம் போய் அவன் கழுத்தைத் தடவினார். அவன் அந்த மஞ்சள் முந்தானையைச் சுவைத்துப் பார்த்தான். அவர் அதை மெதுவாகப் பிடுங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"முதல்ல அந்த முட்டிக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுங்க. மழைக்காலம் வரைக்கும் இவன நடத்திக் கூட்டிட்டுப் போகணும்ல."

பெரிய லாயத்துக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தார். கணவர் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை. பிறகு மெல்ல மனைவியின் பக்கம் வந்து, யார் காதிலும் விழாதபடி குனிந்தார்.

"முட்டி அவ்வளவு மோசமாவா தெரியுது?"

"மத்தவங்களுக்குத் தெரியாது," என்றாள் மைக் அக்கா. அவர் தோளிலிருந்த சேணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள்.