இளமதி அண்ணி ஊதிய மூச்சு

1

இந்தக் கதை எனக்கு அன்னவாசல் பஸ்ஸில் ஒட்டிக்கொண்டது. பின் சீட்டுப் பிள்ளை ஒன்று என் பிடரியில் இருமியது. "சும்மா பள்ளிக்கூடத்துச் சளிதாங்க," என்று அதன் அப்பா எனக்கு ஆறுதல் சொன்னார். மறுநாள் தொண்டை கட்டியது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கண்ணுக்குத் தெரியாத அந்த எதிரி, ஊரின் ஒவ்வொரு வாசலிலும்...

[நிறுத்திவிட்டேன். கொரோனாக் காலத்தில் இந்த வரியை எழுதாத ஆள் யார்? அதுவுமில்லாமல், இந்தக் கதையில் எதிரி கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தார். பொன்னமராவதி பஸ்ஸிலிருந்து பை நிறையப் பலகாரத்தோடு இறங்கினார்.]

2

வந்தவர் இளமதி. திருக்கோகர்ணத்தில் இருக்கும் இசைவாணிக்கு நாத்தனார், அவள் புருசன் அரவிந்த்குமாருக்கு அக்கா. இசைவாணியின் இரண்டு மாதக் கைக்குழந்தையைக் குளிப்பாட்ட வந்திருந்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளையெல்லாம் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான். குளிப்பாட்டி முடித்ததும் பிள்ளையின் மூக்கில் வாய் வைத்து ஊதிவிடுவார். உள்ளே இருக்கிற சளியெல்லாம் வந்துவிடுமாம்.

அண்ணிக்கு ஒரே இருமல். லீவே போடாத பிள்ளைக்குப் பள்ளியில் கோப்பை தருகிறார்கள் என்று மகனைக் காய்ச்சலோடு அனுப்பியிருந்தார். கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தவன், இருமலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டான்.

"அண்ணி, இருமலா இருக்கே. இன்னிக்கு ஊத வேணாமே," என்றாள் இசைவாணி.

"ஏன்?"

"இல்ல... ஒங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னு."

"ஒம் புருசனையே ஊதி வளத்தவ நான். எனக்கென்ன சிரமம்?"

ஊதினார்.

[இசைவாணி எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி. இந்தத் தகவலைக் கதையில் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் படிப்பை அந்த வீட்டில் எங்கே வைப்பதென்று அவளுக்கும் தெரியவில்லை.]

3

அந்த வாரக் கடைசியில் குழந்தை பால் குடிக்க முடியாமல் திணறியது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள்.

"வைரஸ் சளிங்க. நமக்குத் தும்மலோட போயிரும், இவ்வளவு சின்ன நுரையீரல் தாங்காது," என்றார் டாக்டரம்மா. "சளி பிடிச்சவங்க யாரும் மூஞ்சிக்கிட்ட வந்தாங்களா?"

எல்லாரும் குழந்தையைக் குனிந்து பார்த்தார்கள். டாக்டரம்மா அங்கிட்டுப் போனதும் குடும்பமே கூடிக் குற்றவாளியைப் பிடித்துவிட்டது.

"பால் குடுக்குறவ வாழப்பழம் திங்கலாமா? நேத்துத் தின்னேல்ல?" என்று இருமலுக்கு நடுவே கேட்டார் அண்ணி. கேட்டுவிட்டு அழுதார். பொய் அழுகை இல்லை, பிள்ளை மேல் உயிரையே வைத்திருந்தார். சிக்கலே அதுதான்.

பிள்ளை போய்விடுமோ என்ற பயத்தில் இசைவாணியே வாழைப்பழத்தை நம்பத் தொடங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் குழந்தையைச் சாகவிட்டால் கதைக்குக் கனம் கூடும் என்றார் ஒரு விமர்சக நண்பர். அவரை அந்த வார்டு வாசலில் கொஞ்சநேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். குழந்தை பிழைத்தது. அவ்வளவுதான்.

4

வீட்டுக்கு வந்தாயிற்று. வெந்நீர் தயார். அண்ணி பலகையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி, "பிள்ளைய குடு இங்கிட்டு," என்று கையை நீட்டுகிறார்.

இசைவாணிக்கு ஒரு வரி வேண்டும்.

"டாக்டர்தான் அண்ணி வேணாம்னு..." (டாக்டருக்கே வைத்தியம் சொல்லக்கூடியவர் அண்ணி. செல்லாது.)

"இன்னிக்கு நானே..." (அரவிந்த்குமார் செல்போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிறான். வரி அப்படியே நின்றுவிடுகிறது.)

"நீங்க ஊதித்தான் அண்ணி வந்துச்சு. இனிமே ஊதக் கூடாது." (இதுதான் வரி. அவள் வாயில் வைத்துப் பார்த்தேன். விழுங்கிவிட்டாள்.)

இருமிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவரிடம், நேருக்கு நேராக இதைச் சொன்னவர் யாராவது இருந்தால், எப்படிச் சொன்னீர்கள் என்று எழுதி அனுப்புங்கள், அப்படியே போட்டுவிடுகிறேன். அதுவரை அண்ணி நீட்டிய கையை மடக்கப்போவதில்லை.

சொல்லாதவர்கள் துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நில்லுங்கள். ஊதி முடித்ததும் பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிட வேண்டும்.