சம்பூர்ணம் செய்த கிழிசல்

சம்பூர்ணத்துக்குத் தன் வேலையில் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன? போளூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, மெட்ராஸில் ஒரு விளம்பரப்படக் கம்பெனியில் காஜா எடுக்கச் சேர்ந்து, எண்பத்தாறாம் வருஷம் ஒரு படத்துக்குத் தனியாக உடை செய்யும் இடத்துக்கு வந்தவள். இந்தப் படம் நன்றாக அமைந்தால் அந்த இடம் அவளுக்கு நிலைக்கும். சொதப்பினால் மறுபடியும் காஜாவும் பட்டனும்தான். டைரக்டர் ஆதிநாராயணன் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

படம் ஒரு டீத்தூளுக்கு. நாற்பது வருஷத்துக்கு முந்தின மலைச் சந்தை. ஜனங்கள் முதன்முதலாக டீ குடித்துப் பார்க்கிறார்கள். அவ்வளவுதான் கதை, தியேட்டர் இடைவேளையில் ஒரு நிமிஷம் ஓடும். ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அந்தாண்டை ஒரு ஊரில் படப்பிடிப்பு. நடிப்பதும் அந்த ஊர்க்காரர்களே.

அந்த ஒரு நிமிஷத்துக்கு சம்பூர்ணம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. டெரிலின் வாடையே வரக்கூடாது என்று முரட்டுக் கைத்தறியாகத் தேடி வாங்கினாள். ரவிக்கைக்கு ஹூக் கிடையாது, முன்பக்க முடிச்சுதான். எல்லாவற்றையும் டீத்தண்ணீரில் ஊறவைத்து, செம்மண் பூசி, கருங்கல்லில் தேய்த்து, முட்டியிலும் முந்தானையிலும் பிளேடால் கிழித்தாள். பல வருஷம் கட்டி நைந்த துணி என்று யாரும் சத்தியமே செய்வார்கள். அப்படி ஒரு வேலை.

முந்தின நாள் மத்தியானமே துணிகளை ஊராரிடம் கொடுத்துவிட்டாள். அது அவள் பழக்கம். ஒரு ராத்திரியாவது உடம்போடு கிடக்காவிட்டால் காமிராவில் இரவல் துணி என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பாள்.

"கட்டிக்கினே படுத்துக்கோங்க, காலையில அப்டியே வாங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனாள். நிம்மதியாம், நிம்மதி!

காலையில் வந்தார்கள். வேட்டிகள் பளிச்சென்று இருந்தன. செம்மண் போன இடம் தெரியவில்லை, டீக்கறை பாதிக்குமேல் போய்விட்டது. அவள் கிழித்த இடமெல்லாம் சிவப்போ கறுப்போ கைக்குக் கிடைத்த நூலால் நெருக்கமாகத் தைத்து மூடியிருந்தது. முன்னால் நின்றவள் கன்னியம்மாள். சம்பூர்ணத்தின் வயசுதான் இருக்கும். நடிக்க ஊர் ஆட்களைச் சேர்த்துக் கொடுத்தவளே அவள்தான்.

"இன்னா கன்னியம்மா பண்ணி வச்சிருக்கீங்க?"

"தொவைச்சோங்க. வேற ஒருத்தர் குடுத்த துணிய தண்ணியில அலசாம எங்க ஊர்ல ஒடம்புல போடமாட்டாங்க. பூந்திக்கொட்ட போட்டு அலசி, அடுப்பாண்ட காய வச்சோம். கிழிஞ்சிருந்தத தெச்சிட்டோம். பாவம், உங்களுக்கு இதையெல்லாம் பாக்க நேரமில்ல போலன்னு நெனச்சோம்."

சம்பூர்ணம் பதில் சொல்வதற்குள் ஆதிநாராயணன் வந்துவிட்டார்.

"என்ன சம்பூர்ணம் இது, கல்யாண வீடா? வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்தாகணும். பிளேட எடு, கிழி. மண்ணுல பொரட்டு. அந்தக் காலத்து ஏழை ஜனம்மா, இப்படியா இருந்திருப்பாங்க?"

பிழைப்பு போய்விடும் என்ற பயத்தில் அவள் பிளேடை எடுத்தாள். கன்னியம்மாளின் முந்தானையைக் கையில் பிடித்தாள். கன்னியம்மாள் அதைப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

"துணி உங்களுது, கிழிச்சிக்கோங்க. ஆனா அதக் கட்டிக்கினு நாங்க நிக்கமாட்டோம். எங்கம்மாவுக்கு மொத்தமே ரெண்டு பொடவதான். ஒரு நாளும் கிழிசலோட சந்தைக்குப் போனது கெடையாது. நாளைக்குப் படத்தப் பாக்கறவங்க எங்க ஊரு இப்டித்தான் கெடந்துச்சின்னு சொல்லுவாங்க இல்ல?"

சம்பூர்ணத்தின் கை நின்றது. மலையடிவாரத்தில் அவள் அம்மாவுக்கு மட்டும் பீரோ நிறையப் புடவையா இருந்தது? ஒன்றைக் கட்டி ஒன்றைத் துவைத்தவள்தான். நூல் பிரிந்தால் அடுத்த வேலை பார்க்குமுன் ஊசியைத் தேடுவாள். அந்த வயிற்றில் பிறந்தவள், பழைய காலம் என்றதும் கந்தலைத் தைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். துணி சரி, முடிச்சு சரி, நிறம் சரி. பெருமையாகப் போட்ட கிழிசல்தான் பொய். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"கிழிக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"இதான் சார் சரி. நான் கிழிச்சதுதான் தப்பு. சந்தைக்கு வர்றவங்க இருக்கறதுல நல்லதாப் பாத்துத்தான் கட்டிக்கினு வருவாங்க. கிழிசல்தான் வேணும்னா வேற ஆளப் பாத்துக்கோங்க. நான் காஜா எடுக்கவே போறேன்."

சொல்லிக்கொண்டே பிளேடைப் பெட்டிக்குள் போட்டாள். ஆதிநாராயணன் வெயிலைப் பார்த்தார். வேறு ஆளுக்கு மலையில் எங்கே போவார்? முணுமுணுத்துக்கொண்டே காமிராவுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

டீக்காரன் ஊற்றினான். கன்னியம்மாள் மண்குவளையை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேராக நிமிர்ந்து பார்த்தாள். சிவப்பு நூல் தையல் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அதை அவள் மறைக்கவில்லை. யார் வீட்டுக்கும் கையேந்தப் போகாதவளின் நிற்பு அது. ஆதிநாராயணன் "கட்" சொல்லவே மறந்துவிட்டார். பிறகு காமிராக்காரரிடம், "அந்தத் தையல்கிட்டப் போய் இன்னொரு தடவ எடு" என்றார்.

எல்லாம் முடிந்ததும் சம்பூர்ணத்தின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அடுத்தது ஒரு எண்ணெய்க் கம்பெனி படம். அதுவும் பழைய காலந்தான். உடை நீயே பண்ணு."

மலை ஜனம் மொத்தமும் கேட்கட்டும் என்றே சம்பூர்ணம் உரக்கச் சொன்னாள்.

"பண்றேன் சார். ஆனா அதுல எவ்ளோ பெரிய ஏழை வந்தாலும் சரி, என் கையால கிழிச்சு அனுப்ப மாட்டேன்."